மடிப்புக் கலையாமல்

சட்டைக் காலரின் ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. கோர்ட் வராந்தாவில் அவள் மகனைக் குனியச் சொல்லி, அதைப் பல்லால் கடித்து எடுத்தாள். கத்தரி இல்லை. அவளுடைய கத்தரி துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்து போலீஸ்காரர்களிடம் இருக்கிறது. பக்கத்துக் கடையில் இரவல் வாங்கித்தான் இந்தச் சட்டையையே வெட்டினாள். பக்கத்தில் நின்ற காவலர் தினமும் இப்படி எத்தனையோ அம்மாக்களைப் பார்ப்பவர். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இப்பதான் பார்க்க லட்சணமா இருக்கே" என்றாள்.

சும்மா சொல்லவில்லை. தையல்காரி பெற்ற பிள்ளை அல்லவா! தோள் தொங்காமலிருக்க உள்ளே தடித்த துணி வைத்து, முழுக்கை விட்டு, கறுப்பு பேன்ட்டில் கத்தி மாதிரி மடிப்பு எடுத்து, நேற்றே அவனை வைத்திருக்கும் சிறுவர் இல்லத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, இதைத்தான் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். பதினாறு முடிந்த பையன் பேங்க் வேலைக்குக் கிளம்பியவன் போல நின்றான். நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று பார்த்ததும் தெரிந்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. பாவம், உள்ளே வேறு கணக்கு ஓடுகிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

வக்கீலம்மா சொன்னார். சொன்ன நேரம்தான் சரியில்லை. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த வக்கீல். கை நிறைய அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளின் வழக்குக் கட்டுகளோடு மூச்சு வாங்கப் படியேறி வந்தவர், பையனை மேலும் கீழும் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, மாப்பிள்ளை மாதிரி கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்க?"

"கோர்ட்டுக்கு வர்றப்ப மரியாதையா இருக்கட்டுமேன்னு..."

"மரியாதை கிடக்கட்டும். இன்னைக்கு என்ன முடிவு பண்ணப் போறாங்க தெரியுமா? இவன சின்னப் பையனா வெச்சு இங்கயே விசாரிக்கிறதா, இல்ல பெரியவங்க கோர்ட்டுக்குத் தள்ளிவிடுறதான்னு. அங்க போனா இவனுக்குக் கொலைகாரன்னு பேரு. அவ்வளவுதான், வாழ்க்கையே போச்சு. இங்கேயிருந்து ஆலோசகர் வீட்டுக்கு வந்தாரே, அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

என்ன சொன்னாள்? உள்ளதைச் சொன்னாள். தையல் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவர், "பையன் எப்படிம்மா?" என்று கேட்டார். தெருவே அவனைக் கொலைகாரன் என்று பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் அப்படிக் கேட்டால் பெற்றவள் வாய் சும்மா இருக்குமா? அவங்க அப்பா விட்டுட்டுப் போனதிலிருந்து வீட்டைத் தாங்கறவனே அவன்தான் சார் என்று ஆரம்பித்தாள். காஸ் எப்போது தீரும் என்று அவனுக்குத்தான் தெரியும், தங்கச்சி பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச்சொன்னால் அவன்தான் போய் நிற்பான், ஒரு பொருளை எடுத்தால் எடுத்த இடத்திலேயே வைப்பான், நான் அப்படி வளர்த்திருக்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஆலோசகர் தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டார். தங்கமான மனுஷர். கொடுத்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

எடுத்த இடத்தில் வைப்பான் என்று சொன்னாளே, அன்றைக்கும் அப்படித்தான் வைத்தான். தங்கச்சியைத் தெருமுனையில் வழிமறித்துக் கையைப் பிடித்து இழுத்தவனைக் கேட்கப் போனபோது மெஷின் இழுப்பறையிலிருந்த கத்தரியை எடுத்துக்கொண்டு போனான். மிரட்டத்தான். அந்த ஆள் பயப்படவில்லை. சிரித்தான், கன்னத்தில் ஓர் அறையும் விட்டான். குத்துப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அந்த ஆளின் கதை முடிந்துவிட்டது. பையன் வீட்டுக்கு வந்து கத்தரியைக் கழுவி, துடைத்து, மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, இழுப்பறையில் வைத்தான். தங்கச்சிக்குச் சாப்பாட்டைச் சூடு பண்ணிப் போட்டான். போலீஸ் வரும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்த அவள் திரும்பி வந்தபோது ஜீப் கிளம்பிவிட்டிருந்தது.

அந்த அறையைப் பார்த்தால் கோர்ட் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கூண்டு கிடையாது. சுவரில் முயலும் யானையும் வரைந்திருந்தார்கள், பிள்ளைகள் பயப்படக் கூடாதாம். நீண்ட மேசைக்குப் பின்னால் நீதிபதியம்மாவும் இரண்டு உறுப்பினர்களும். கதவு சரியாகச் சாத்தவில்லை. வெளியே பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் இவனோடு இல்லத்தில் ஒரே கூடத்தில் படுத்து எழும் பையன்கள்.

ஆலோசகரின் அறிக்கையை ஓர் உறுப்பினர் படித்தார். வயதை மீறிய பொறுப்பு, செயலின் விளைவை அறியும் பக்குவம், குடும்பத்தை நிர்வகிக்கும் திறன். அவள் வாயாறச் சொன்னதெல்லாம் எழுத்துத் தமிழில் மாறி, ஒவ்வொன்றாக மகனின் கழுத்தில் விழுந்தது. பிள்ளையைப் புகழ்ந்த நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது அவளுக்கு. வக்கீலம்மா எழுந்து, பொறுப்பாக வளர்ந்தது ஒரு குற்றமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். உறுப்பினர் அறிக்கையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நீதிபதியம்மா பையனிடம் மெதுவாகத்தான் பேசினார். "கத்தரியால குத்தினா உயிர் போயிடும்னு உனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் கழுவி வெச்சே? யாரும் பார்க்கக் கூடாதுன்னா?"

"இல்ல மேடம். அம்மா வேலை செய்யற கத்தரி. அப்படியே விட்டா துருப்பிடிச்சிடும்."

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை போதும், அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"மேடம், அவன் குழந்தை மேடம். நான் அன்னைக்கு பெருமைக்குச் சொல்லிட்டேன். ராத்திரி லைட்டை அணைச்சா தூங்கமாட்டான். என் கையைப் பிடிச்சுக்கிட்டாதான் கண்ணை மூடுவான். பயந்துட்டான்னா..." நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "பயந்துட்டான்னா இன்னும் ஒண்ணுக்குப் போயிடுவான் மேடம். விடியறதுக்குள்ள நான் துவைச்சுப் போட்டுடுவேன். அவன் தங்கச்சிக்குக்கூடத் தெரியாது."

அத்தனையும் சத்தியம். அப்பா போன நாளிலிருந்து அம்மாவும் பிள்ளையும் மட்டும் பொத்திப் பொத்தி வைத்திருந்த விஷயம். நீதிபதியம்மா பேனாவை மூடிக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஏதோ இளகியது. கடவுளே, ஓர் 'ஆமாம்' சொல்லிவிடுடா என்று அவள் மகனைப் பார்த்தாள்.

"அம்மா சொல்றது உண்மையாப்பா?"

வெளியே பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பையனின் காது மடல் சிவந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"இல்ல மேடம். அம்மா என்னைக் காப்பாத்தணும்னு சொல்றாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

எவ்வளவு பதவிசாகச் சொன்னான்! அவளுக்குத் தெரிந்து அவன் சொன்ன முதல் பொய் அதுதான். "பொய் மேடம், அவன் பொய் சொல்றான்" என்று அவள் கத்தினாள். வக்கீலம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார். நீதிபதியம்மா பேனாவைத் திறந்தார்.

பெரியவர்கள் கோர்ட்டுக்கு அனுப்ப உத்தரவாயிற்று. அப்பீல் போடலாம் என்று சொல்லிவிட்டு வக்கீலம்மா அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். பையனை இல்லத்து உடுப்புக்கு மாறச் சொல்லிக் காவலர் கழிப்பறைக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்தவன் துணியை அவள் கையில் கொடுத்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்டுக்குப் போய் பிரிச்சுக்கம்மா" என்றான். "தங்கச்சிய தனியா அனுப்பாத."

அவள் காவலரின் பின்னாலேயே படி வரைக்கும் ஓடினாள். "ஐயா, பெரிய ஜெயில்ல ராத்திரி லைட்டு..."

"அங்க லைட்டை அணைக்கவே மாட்டாங்கம்மா" என்றார் அவர், ஆறுதலாகத்தான்.

வண்டி போய்விட்டது. அவள் வராந்தாவுக்குத் திரும்பி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சட்டையை எவ்வளவு அழகாக மடித்திருந்தான், கடையில் அடுக்குவதுபோல, காலர் மேலே தெரிய. அதற்குள் சுருட்டி வைத்திருந்த கறுப்பு பேன்ட்டில் அவள் விரல் பட்டது. தொடையிலிருந்து முழங்கால் வரை ஈரம். இன்னும் சூடு ஆறவில்லை.

அவள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவருகே ஓடினாள். உள்ளே அடுத்த பையனின் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவு இந்த முறை சரியாகச் சாத்திக்கொண்டது. கதவின் மீதும் ஒரு முயல் வரைந்திருந்தார்கள். ஈரத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் அந்த முயலைப் பார்த்தபடி நின்றாள்.