வாசிக்காமல் தொடாதே

கல்முனையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் நான்கு பெண்கள் வேலை பார்த்தார்கள். கொழும்புக் கம்பனி ஒன்றுக்காக, கடைகளின் இணையப் பக்கக் கோப்புகளைத் திறந்து விலை, தொலைபேசி இலக்கம், கடை திறக்கும் நேரம் என்று மாற்றுகிற வேலை. எல்லாம் கையால்தான். பிறகு கம்பனி ஒரு கருவியை அனுப்பியது. இனி ஏஐ முகவர், அதாவது சொன்னதைக் கேட்டுத் தானே வேலை செய்யும் மென்பொருள், அந்தக் கருவியால் கோப்புகளைத் திருத்துமாம். கருவியைப் பிடிப்பது எப்படி என்று முகவருக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். நால்வரில் ஸம்ஸியாவுக்குத்தான் இங்கிலீஷ் எழுத வரும்.

பொறுப்பாளர் மிஹ்லார் அவளிடம் எதையும் மறைக்கவில்லை.

"குறிப்புப் பாஸானா உங்கள மட்டும் வெச்சிருப்பாங்களாம். பாஸாகாட்டி ஒப்பந்தம் வேற ஊருக்குப் போகும். நாலு பேரும் வீட்டதான்."

ஸம்ஸியாவின் கணவன் சாஜித் கரைவலை இழுத்து முதுகு விட்டுப்போய்ப் படுக்கையில் கிடக்கிறான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

கருவிக்கு மூளை இல்லை. பழைய வரியையும் புதிய வரியையும் கொடுத்தால், பழையதைத் தேடிப் பிடித்து அந்த இடத்தில் புதியதை வைக்கும். அதே வரி இரண்டு இடத்தில் கிடந்தால், முதலில் கண்டதை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும். சோதனையில் அதுவே திரும்பத் திரும்ப நடந்தது. ஒரு கடையின் அக்கரைப்பற்றுக் கிளைக்கு நேரத்தை மாற்றச் சொன்னால், காரைதீவுக் கிளையின் நேரம் மாறியது.

பக்கத்து மேசையில் இருந்து சபூறா அவளுடைய திரையை எட்டிப் பார்த்தாள். நால்வரில் மூத்தவள்; புருஷன் மௌத்தாகி, விதவையாய் மூன்று பிள்ளைகளோடு இருப்பவள்.

"என்ன மனே, உன்ட மாப்புள இண்டைக்கும் சொல்லுக் கேக்கல்லியா?"

"கேக்குது ராத்தா. கேட்டுப்போட்டுத் தன்ட பாட்டுக்குச் செய்யுது."

"அப்ப ஆம்புளதான்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். குறிப்புச் சரிவந்தால் தங்களுக்கு வேலை இல்லை என்று தெரிந்துகொண்டுதான் சிரித்தார்கள்.

முகவர் விட்டுச்சென்ற பதிவை ஸம்ஸியா வாசித்தாள். கோப்பை முதலில் வாசிப்பது கட்டாயமில்லை என்று குறிப்புச் சொல்கிறது, ஆகவே வாசிக்கவில்லை என்று அதில் இருந்தது. அவள் எழுதியிருந்தது, வசதிப்பட்டால் ஒருதரம் வாசித்துப் பார்ப்பது நல்லது என்று. இந்த ஊரில் கதிரையில் இருந்து வேலை பார்க்கிற ஆளுக்கு வேலை சொல்வது அப்படித்தான். வசதிப்பட்டால் என்று சொன்னாலும் செய்தே ஆக வேண்டும் என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அந்தப் பழக்கம் அவளுடைய இங்கிலீஷுக்குள்ளும் போயிருந்தது. முகவருக்கு ஊரும் இல்லை, பழக்கமும் இல்லை.

அவளுடைய வாப்பா லொறிகளில் சீமெந்து மூட்டை ஏற்றியவர். அவரிடம் யாரும் வசதிப்பட்டால் என்று கதைத்ததில்லை. தூக்கு. அங்கே வை. நனைக்காதே. அப்படி எழுதினால் பாஸாகும். அவள் விசைப்பலகையில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் நிப்பாட்டின?" என்றாள் சபூறா.

"பிழ எங்க எண்டு விளங்கிட்டு ராத்தா."

சபூறா தன் திரைக்குத் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "அப்ப எழுது. நீ எழுதாட்டி வேற ஒருத்தி எழுதுவாள்."

"உங்கட புள்ளயள்..."

"என்ட புள்ளயளுக்குச் சோறு போடச் சொல்லியும் அதுல எழுதப் போறியா? வேலயப் பாருடி."

எழுதினாள். கோப்பை வாசி. வாசிக்காமல் தொடாதே. பழைய வரியை ஓர் எழுத்தும் இடைவெளியும் பிசகாமல் கொடு. அதே வரி வேறு இடத்திலும் இருந்தால், அந்த ஓர் இடம் மட்டும் பொருந்தும்வரை மேல்வரி கீழ்வரிகளையும் சேர்த்துக் கொடு. வரி கிடைக்கவில்லை என்றால் ஊகிக்காதே, மறுபடி வாசி. மாற்றிய பிறகு மாறியதா என்று பார்.

மிஹ்லார் ஓடவிட்டுப் பார்த்தார். அக்கரைப்பற்று மாறியது. காரைதீவு அப்படியே இருந்தது. கொழும்பு அனுப்பிய மற்றக் கோப்புகளும் சரியாகவே வந்தன.

மூன்று பெண்களும் அந்த மாதத்தோடு நின்றார்கள். ஸம்ஸியா தனியே இருந்து முகவர் விடும் பிழைகளைத் தேடினாள். பிழை எதுவும் அகப்படவில்லை. அந்தப் போகத்து நெல் அறுவடை முடியுமுன் ஒரு நாள் மிஹ்லார் வந்து நின்றார்.

"குறிப்பில இனித் திருத்த ஏதும் இரிக்கா எண்டு கொழும்பில கேக்காங்க."

"இல்ல சேர்."

"நானும் அதத்தான் சொன்னன்." அவர் நிலத்தைப் பார்த்தார்.

ஸம்ஸியாவுக்கு விளங்கியது. "வெச்சிருப்பம் எண்டு சொன்னாங்களே சேர்?"

"சொன்ன ஆளையும் நிப்பாட்டிட்டாங்க."

நாவிதன்வெளியில் ஒரு நெல் களஞ்சியத்தில் சபூறா விதைநெல் புடைப்பதாகக் கேள்விப்பட்டு, ஸம்ஸியா பஸ் ஏறிப் போனாள். சபூறாவின் புருவமெல்லாம் உமித்தூசி.

"உனக்குமா?"

"ஓம் ராத்தா. இங்க ஏதும் வேல..."

சபூறா எழுந்து உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"ஆள் போதுமாம். அடுத்த போகத்துக்கு மெஷினும் வருகுதாம்." சுளகைக் கையில் எடுத்தாள். "போ மனே, வெயிலுக்க நிக்காத."

வீதியில் கல்முனை பஸ் வந்து நின்றது. ஸம்ஸியா ஏறவில்லை. ஏறினால் வீடு வந்துவிடும்.