பூவராகனின் காது

எங்கள் ஊரில் ஒரு துப்பாக்கியைப் பார்த்து இன்னொன்றைச் செய்தால், செய்தவரின் முகம் மூலத்தைச் செய்தவரின் முகமாக மாறிவிடும். ஒரே நாளில் அல்ல. காதில் தொடங்கி மெல்ல மாறும். முழுவதும் மாறியபின் அவர் மூலத்தைச் செய்தவர் வீட்டுக்கே குடிபோக வேண்டும். எதிர்வீட்டு மாசிலாமணி அப்படித்தான் போனார். அவர் மனைவி இப்போது கடைத்தெருவில் அவரைப் பார்த்தால், யாரோ என்று ஒதுங்கி வழிவிடுகிறாள்.

நான் செய்வது ஒரு குழலின் மேல் இன்னொரு குழல் படுத்திருக்கும் துப்பாக்கி. குழல்களை மடக்கும் கீலை எல்லோரும் கீழ்க்குழலுக்கு அடியில் வைப்பார்கள். அதனால் துப்பாக்கிக்குத் தொந்தி விழுந்துவிடும். நான் கீலை இரண்டாகப் பிரித்து இருபக்கமும் வைத்தேன். துப்பாக்கி ஒல்லியாயிற்று. சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தபோது தானாகத் தோன்றிய யோசனை அது.

வேலை முடிந்த மறுநாள் காலை, காப்பி கொண்டுவந்த என் கணவர் அறவாழி என் தலைமுடியை ஒதுக்கிப் பார்த்தார்.

“இடது காது உன்னுது இல்லை. யாரு துப்பாக்கியைப் பார்த்தே?”

“யாருதையும் பார்க்கலைங்க.”

“காது பொய் சொல்லுமா?”

பள்ளிக்குக் கிளம்பிய மகள் நிறைமதி, என் முகத்தை வரைந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். அதற்குள் மூக்கும் போய்விடுமோ என்று பயம் வந்தது. வாசல்வரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டு, அசையாமல் உட்கார்ந்தேன்.

மடல் நீண்ட அந்தக் காது அக்கரைப் பூவராகனுடையது என்று பேருந்து நடத்துனர் சொன்னார். என் துப்பாக்கியோடு அவர் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்த பூவராகனின் முகத்தில் என் மோவாய் இருந்தது, மச்சத்தோடு.

“வாங்கம்மா. நானே வரணும்னு இருந்தேன். சத்தியமா யாரையும் பார்த்துச் செய்யலைம்மா.”

“நானும்தாங்க.”

தன் துப்பாக்கியை எடுத்துவந்தார். இருபக்கமும் கீல். என்னுடையதைப் பக்கத்தில் வைத்தேன். பிறகு எது என்னுடையது என்று தெரியவில்லை. உள்ளறையில் அவர் மனைவி வேதவல்லி எனக்காக ஒரு கட்டிலைத் தூசு தட்டிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட வழக்குகளை மைதானத்தில் சுட்டுத் தீர்ப்பார்கள். புறாவுக்குப் பதிலாகக் களிமண் தட்டை வானில் வீசுவார்கள். முதலில் உடைப்பவருடையதே மூலம். தோற்றவர் அங்கிருந்தே மற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும். அறவாழி நிறைமதியோடு வேலியோரம் நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று என் புடவைகளை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். அந்தப் பக்கம் பார்க்காமல் துப்பாக்கியைத் தோளில் வைத்தேன்.

தட்டு எழும்பியது. இருவரும் சுட்டோம். முதலில் மேல்குழல், பிறகு கீழ்க்குழல். தட்டு உடையவில்லை. ஓரங்களைப் படபடவென்று அடித்துக்கொண்டு உயரே போய், வேப்பமரக் கிளையில் உட்கார்ந்து புறாவைப்போல் குனுகியது.

நடுவர் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “இன்னிக்கு இவ்வளவுதான். அவங்கவங்க வீட்டுக்குப் போகலாம்.”

பூவராகன் தன் முகத்திலிருந்த என் மோவாயைத் தடவியபடி பெருமூச்சு விட்டார். நிறைமதி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டியில் மீதியிருந்த தட்டுகள் ஒன்றையொன்று முண்டத் தொடங்கியிருந்தன. மூச்சு முட்டப்போகிறது என்று அறவாழி மூடியைத் திறந்துவிட்டார்.