தையல் அறைக்கு வந்த ஹீட்டர்

லெவல் என்பது அவருடைய பெயரல்ல. பிளம்பர் வேலைக்குப் போகும் இடமெல்லாம் சட்டைப் பையில் லெவல் பார்க்கிற ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். டேப் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுவார். அதனால் ஊர் வைத்த பெயர். அவருடைய மனைவி தெருவுக்கே தையலக்கா. வீட்டின் நடு அறையில் மெஷினைப் போட்டு, பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து கல்யாணத் துணிவரை தைத்துக்கொண்டிருந்தார். ஒரே மகள் வெளியூரில் வேலையில் இருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

அந்த வருஷம் அக்காவுக்குக் குடலில் கட்டி வந்தது. அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீதம் பன்னிரண்டு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். முதல் நாளே நர்ஸ் எச்சரித்து அனுப்பினார்.

"இந்த மருந்துக்குக் குளிர்ச்சி ஆகாதும்மா. ஃபிரிட்ஜுக்குள்ள கைய விடாதீங்க. பச்சத்தண்ணியத் தொடாதீங்க. குடிக்கிறதுகூட வெதுவெதுன்னு குடிங்க."

அக்கா இரும்புக் கத்தரிக்கோலின் பிடியில் துணியைச் சுற்றிக்கொண்டார். கதவுத் தாழ்ப்பாளுக்கும் ஓர் உறை தைத்து மாட்டினார். வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு நடந்தார். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வழி கண்டுபிடித்தவர், மூன்றாவது தடவை மருந்து ஏற்றி வந்த மறுநாள் காலை, பழக்கதோஷத்தில் பின்பக்கக் குளியலறையில் டேப்பைத் திறந்து கையை நீட்டிவிட்டார்.

டம்ளர் விழுந்த சத்தம் கேட்டு லெவல் ஓடினார். அக்கா தரையில் உட்கார்ந்து, வலது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"கரண்ட் அடிச்ச மாதிரி இருக்குங்க. விரலுக்குள்ள கண்ணாடித் தூள் ஓடுது."

"சுடுதண்ணி வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "கொஞ்சம்னா எவ்வளவு?"

லெவலுக்குத் தெரியவில்லை. விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வேலைக்குப் போகிற மனிதர் அவர். சொந்த வீட்டில் வெந்நீருக்காக நின்றதே கிடையாது.

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. பேசினுக்குக் கீழே ஒரு வாளியை வைத்து, டேப்பைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முப்பது விநாடி. ஒரு நிமிஷம். வாளியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, சூடு வருகிற வழியைக் காணோம். ஒரு நிமிஷம் ஐம்பது விநாடிக்குப் பிறகுதான் தண்ணீர் விரலுக்கு இதமாக ஆனது. அதற்குள் ஏழு லிட்டர் பச்சைத் தண்ணீர் வாளியில் நின்றது.

தப்பு எங்கே என்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருபத்து நான்கு வருஷத்துக்கு முன் அந்த வீட்டுக்குப் பைப் போட்டவர் அவரேதான். ஹீட்டரைச் சமையலறையின் வெளிச்சுவரில் மாட்டினார். குளியலறை வீட்டின் மறுகோடி. ஒரு லாட்ஜ் வேலையில் மிஞ்சிய தடிமனான பைப்புகள் கையில் இருந்தன. நடுச்சுவரை உடைக்க நேரமில்லாமல் அஸ்திவாரத்தைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோய்விட்டார். பெரிய பைப், தண்ணீர் தாராளமாக வரும் என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டார். பைப் எவ்வளவு தடிமனோ, எவ்வளவு நீளமோ, அவ்வளவு ஆறிப்போன தண்ணீர் உள்ளே தேங்கி நிற்கும். அது முழுதும் வெளியேறிய பிறகுதான் சூடு வரும். மற்றவர் வீட்டில் நூறு தடவை இதை விளக்கியிருக்கிறார்.

"இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னேன். ரெண்டு தடவை. பார்க்கலாம்னு சொன்னீங்க. அப்புறம் பழகிடுச்சு. டேப்பைத் திறந்து விட்டுட்டு, போய் போர்வைய மடிச்சு வச்சுட்டு வருவேன். சரியா இருக்கும்."

அக்கா அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் லெவலுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் முதல் அவர் வீட்டின் வரைபடம் போட ஆரம்பித்தார். அக்கா துணி வெட்ட வைத்திருந்த பழுப்புக் காகிதத்தில், சாப்பாட்டு மேசை மேல், பென்சிலும் அடிக்கோலுமாக. அக்காவின் அண்ணன் இரண்டு தெரு தள்ளி இருந்தார். மின்சார ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரு ஃபியூஸ் கம்பி மாற்றியதில்லை, ஆனால் மின்சாரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு. தங்கைக்காக தினமும் ஒரு தூக்கில் சூடான சூப் கொண்டுவருவார். வந்தவர் படத்தையும் பார்த்தார்.

"இதுக்கு எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு மண்டைய உடைக்கிறீங்க? ஒரு பம்ப்பைப் போடுங்க. சுடுதண்ணி பைப்புக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். டேப்பைத் திறந்தா, இந்தான்னு வந்து நிக்கும்."

"சுத்தும், மச்சான். பழைய பைப் மண்ணுக்குள்ள வெறுமனே கிடக்கு. நாள் முழுக்க மண்ணைத்தான் சுட வைக்கணும். பம்ப்பும் படுக்கையறைச் சுவத்துக்குப் பக்கத்துல உறுமும். அவளுக்கு இப்பவே தூக்கம் இல்ல."

"அப்ப பேசினுக்கு அடியில சின்னதா ஒரு ஹீட்டர் வைங்க."

"அது கை கழுவ ஆகும். குளிக்க?"

மச்சான் சூப்பை ஊற்றப் போய்விட்டார்.

நான்கு நாளில் நான்கு படம் ஆயிற்று. பம்ப் வைத்த படம், பேசினுக்கு அடியில் ஹீட்டர் வைத்த படம், பழைய வழியிலேயே ஒல்லியான பைப் போட்ட படம். கடைசிப் படம்தான் அவருக்குப் பிடித்திருந்தது. ஹீட்டரை அப்படியே பெயர்த்து, அக்காவின் குளியலறைச் சுவரிலேயே மாட்டிவிடுவது.

ஒரு மத்தியானம் அக்கா வந்து எதிரில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றாமலே நான்கு காகிதங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். துணிக்கு அளவு வெட்டிப் பழகிய கண். சீக்கிரமே ஓரிடத்தில் நின்றது.

"நாலுலயும் நடு அறைய வெள்ளையா விட்டிருக்கீங்க. கதவுகூட போடல."

லெவல் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

அக்கா எழுந்துபோய் ஊசிப் பெட்டியையும் ஒரு நூல்கண்டையும் எடுத்து வந்தார். சமையலறை டேப், துவைக்கும் இடத்து டேப், பேசின், ஷவர் என்று படத்தில் நான்கு இடத்தில் குண்டூசி குத்தினார். கையுறை விரல்களுக்கு நூல் பிடிபடவில்லை. சூப்போடு வந்திருந்த அண்ணனை நூல் முனையைப் பிடிக்கச் சொன்னார். ஹீட்டருக்கென்று லெவல் குறித்திருந்த ஒவ்வோர் இடத்திலிருந்தும் நான்கு ஊசிக்கும் நூல் ஓட்டி, அறுத்து, பக்கத்தில் நீளவாக்கில் வைத்தார். கடைசியாக வெள்ளையாக இருந்த அறையின் வலது மூலையில் ஓர் ஊசியைக் குத்தி அங்கிருந்தும் ஓட்டினார். அந்த நூல்தான் எல்லாவற்றிலும் குட்டை. பாதிகூட இல்லை.

"இது உங்களுக்கு முதல் நாளே தெரியும்," என்றார் அக்கா.

"தெரியும்."

ஹீட்டரை அந்த மூலையில் வைத்து, பக்கத்தில் பல வாய்கள் கொண்ட ஒரு பித்தளைக் கட்டையைப் பொருத்தி, அதிலிருந்து ஒவ்வொரு டேப்புக்கும் விரல் கனத்தில் தனித்தனி லைன் இழுத்தால் போதும். வேறு யார் வீடாக இருந்தாலும் அரைமணி நேரத்தில் சொல்லியிருப்பார். அந்த மூலையில்தான் மெஷின் இருந்தது.

"மெஷினை எடுத்துட்டா நான் மறுபடி அதுல உக்கார மாட்டேன்னு நினைக்கிறீங்க."

மச்சான் நூல் முனையை மேசையில் வைத்துவிட்டு, காலித் தூக்கைக் கழுவப் போகிறவர்போல உள்ளே போனார். தண்ணீர்ச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"குளியலறைச் சுவத்துல வச்சிடலாம்," என்றார் லெவல். "உனக்கு உடனே சூடு வரும். சமையலறைக்கு லேட்டாகும், ஆகட்டும். பாத்திரம் நான் கழுவிக்கிறேன். எனக்குப் பச்சத்தண்ணி ஒண்ணும் பண்ணாது."

"நாளைக்கு நான் இல்லன்னா அந்த ஹீட்டர் யாருக்குச் சுடும்?"

"அப்படிப் பேசாத."

"பேசாம இருந்தா வராமப் போயிடுமா?" அக்காவின் குரல் உயரவில்லை. "செத்துருவேன்னு நான் சொல்லல. இருப்பேன்னு எழுதித் தரவும் என்னால முடியாது. எந்தத் துணிய வெட்டினாலும் தையலுக்கு உள்ள ரெண்டு விரல் விட்டுத்தான் வெட்டுவேன். உடம்பு பெருத்தா பிரிச்சுக்கலாம், இளைச்சா பிடிச்சுக்கலாம். வீட்டையும் அப்படி வைங்க. எனக்கு மட்டும் அளவெடுத்துத் தைக்காதீங்க."

லெவல் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அடிக்கோலை எடுத்து நடு அறைக்குக் கதவு வரைந்தார்.

தூசி ஆகாது என்பதால் அக்கா அண்ணன் வீட்டுக்குப் போனார். ஆறு நாள். லெவல் யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. முதலில் மெஷினை நகர்த்தினார். தரையில் நான்கு கால் பதிந்த குழிவும், நடுவில் பாதம் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பான ஒரு திட்டும் இருந்தன. அதன்மேல் சாக்கை விரித்துவிட்டுத்தான் சுவரைத் தொட்டார். சிமென்ட் விரிசலில் உடைந்த ஊசிகள், ஒரு சட்டைப் பட்டன், மகளுடைய பள்ளிச் சட்டையின் நீலத்துணித் துண்டு. பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடினார்.

புது லைன்களைச் சுவரின் மேல்விளிம்பு வழியாகக் கொண்டுபோய், சூடு கசியாமல் பஞ்சுக்குழல் மாட்டினார். விரல் மரத்திருக்கிறவருக்குத் தண்ணீர் கொதிப்பதும் தெரியாதே என்று ஐந்தாம் நாள்தான் தோன்றியது. சூடு ஓரளவுக்கு மேல் போகாதபடி கலந்துவிடும் வால்வு ஒன்றை வாங்கிவந்து பொருத்தினார். ஆறாம் நாள் ஒரு மூட்டில் ஈரம் கசிந்தது. ஒட்டுப்போட்டுச் சமாளிக்காமல் மொத்தத்தையும் அறுத்தெடுத்துப் புதிதாக மாட்டினார். சாயங்காலம் அந்தக் குளியலறையில் முதல் தடவையாக வெந்நீரில் குளித்தார். குளித்து முடித்தும் வெளியே வராமல் கொஞ்ச நேரம் நின்றார்.

ஏழாம் நாள் காலை அக்கா வந்தார். அண்ணனும் தூக்கோடு வந்தார். லெவல் குளியலறை வாசலில் கடிகாரத்தைப் பிடித்தபடி நின்றார்.

"அதைப் பையில போடுங்க," என்றார் அக்கா. "பரீட்சையா நடக்குது?"

கையுறையோடு டேப்பைத் திறந்தார். பிறகு வலது கையுறையை மட்டும் கழற்றி, நீட்டாமல், நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். பேசினிலிருந்து மெல்ல ஆவி எழுந்தது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது. ஒரு விரல் நுனியை வைத்தார். பிறகு கை முழுவதையும். பிறகு இன்னொரு கையுறையையும் கழற்றினார். முகத்தைக் கழுவினார், கழுத்து, முழங்கை எல்லாம் கழுவினார். அவர் தோள் குலுங்குவதைக் கண்டு, லெவல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா நேராகச் சமையலறைக்குப் போனார். அண்ணன் கொண்டுவந்த சூப்பை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, தூக்கைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார்.

"விடும்மா, நான் வீட்டுல கழுவிக்கிறேன்," என்றார் அண்ணன்.

"இருக்கட்டும்ணே. ரெண்டு மாசமா ஒரு பாத்திரத்தைக்கூட தொடல. கழுவணும்போல இருக்கு."

அண்ணன் தின்பண்டம் ஏதோ வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். லெவல் அடுப்புப் பக்கம் வந்து நின்றார்.

"இருபத்து நாலு வருஷம்," என்றார்.

அக்கா சமாதானம் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "ஆமா," என்றார். கழுவிய தூக்கை அவரிடம் துடைக்கக் கொடுத்தார்.

ஒன்பதாவது தடவையோடு அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். நரம்பு இதற்கு மேல் தாங்காது என்றார் டாக்டர். இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார். அந்த 'இப்போதைக்கு' என்பதை வீட்டில் யாரும் திருப்பிச் சொல்லவில்லை. வெயில் காலம் வந்ததும் கண்ணாடித் தூள் ஓடுவது நின்றது. விரல் நுனிகளில் மரப்பு மட்டும் தங்கிவிட்டது.

மெஷின் கூடத்து ஜன்னலோரம் போயிருந்தது. ஒரு நாள் காலை அக்கா அதன் உறையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். பழைய தலையணை உறை ஒன்றை மடித்து ஓட்டினார். துணியின் விளிம்பு விரலுக்குத் தெரியவில்லை. தையல் கோணிக்கொண்டு ஓடி, ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த லெவல் அதைப் பார்த்தார். மறு செருப்புக்காகக் குனிந்தார்.

அக்கா பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தார். துணியைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, விளிம்பைப் பார்த்துப் பார்த்து மடித்து, மறுபடி ஊசிக்கு அடியில் கொடுத்தார். இந்தத் தடவை மெதுவாக மிதித்தார்.