ஆற்றிய டீ

கோப்பன்ஹேகனில் கப்பலை விட்டு இறங்கியதும் குனிந்து ஒரு பிடி பனியை அள்ளினேன். ஆகஸ்ட் வெயிலில் பனிமய மாதா திருவிழாக் கும்பலில் வேர்த்து வழிந்து வளர்ந்தவள் நான். நிஜப் பனியை இப்போதுதான் தொடுகிறேன். என் வீட்டுக்காரர் ரோச் சிரித்தார். கப்பலில் செகண்ட் எஞ்சினியர். மனைவியைக் கூட்டிவர அவருக்குக் கம்பெனி அனுமதி கிடைத்தது எழுபத்தாறில்தான். கல்யாணமான நாளிலிருந்து தூத்துக்குடியில் காத்துக் கிடந்தவளுக்கு, அவரோடு தனியாக ஊர் சுற்ற வாய்த்த முதல் நாள் அது. சேலைக்கு மேல் அவருடைய பழைய கோட்டு, அடியில் அவருடைய கம்பளி சாக்ஸ். கண்ணாடியில் பார்த்திருந்தால் நானே சிரித்திருப்பேன்.

"இங்கன ரெண்டு தடவதான் வந்திருக்கேன். துறமுகத்த விட்டு வெளிய போனதில்ல" என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். ஆனால் யாரிடமும் வழி கேட்கவில்லை. அரண்மனை வாசலில் காவலர்கள் மாறும் நேரம் தெரிந்திருந்தது. கடல்கன்னி சிலைக்குக் குறுக்குச் சந்து தெரிந்திருந்தது. ஊரில் மார்க்கெட்டுக்கு அனுப்பினாலே வழி தவறி வேறு தெருவில் போய் நிற்கிற மனுஷர்! சிலையை எங்கே பார்த்தேன்? அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளிர் தாங்காமல் துறைமுகத்துப் பக்கம் கண்ணில் பட்ட டீக்கடையில் நுழையப் போனேன். "இது வேண்டாம் ஏளா. அடுத்த தெருவுல நல்ல கட இருக்கு" என்று கையைப் பிடித்தார். அப்படிச் சொன்னதற்காகவே உள்ளே போனேன்.

கடைக்காரி வெள்ளைக்காரி, என் வயதுதான் இருக்கும். பால் சேர்த்த டீ இரண்டு கொண்டுவந்தாள். என்னுடையதை அப்படியே வைத்தாள். அவருடையதை ஒரு காலிக் கோப்பையில் ஊற்றி, கையை உயர்த்தி, மாற்றி மாற்றி ஆற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆற்றி அவர் முன்னால் வைத்தாள். அவருக்குச் சூடு ஆகாது. வீட்டில் நான்தான் ஆற்றிக் கொடுப்பேன். யாருக்கும் அந்த வேலையை விட்டுக்கொடுத்ததில்லை.

"இவளுக்கு ஆரு சொல்லிக்குடுத்தா?"

"நம்ம ஊர்ப் பயலுவ எல்லாரும் இங்கதான வாரானுவ. நம்மாளுவன்னா இப்பிடி ஆத்தித்தான் குடுப்பா."

"துறமுகத்த விட்டு வெளிய போனதில்லன்னீய?"

அவர் டீயை ஒரே மடக்கில் குடித்தார். நம்பிவிடத்தான் ஆசைப்பட்டேன். கடல் தாண்டி வந்தவளுக்கு நம்பாமல் வேறு என்ன வழி இருக்கிறது?

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு இனிகோ வந்தான். எங்கள் கப்பலில் எஞ்சின் அறை ஆயில்மேன், எங்கள் ஊர்ப் பக்கத்துக் கீழவைப்பார்க்காரன்; ரோச்சை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். "மைனி, நீங்களா!" என்று பக்கத்தில் உட்கார்ந்தான். கடைக்காரி அவனுக்கு டீயைக் கொதிக்கக் கொதிக்க வைத்துவிட்டுப் போனாள். அவன் ஊதி ஊதிக் குடித்தான்.

"ஏன் இனிகோ, ஒனக்கு ஆத்தித் தரலியா?"

"இங்க ஏது மைனி ஆத்துத டீ? வாரப்பல்லாம் நாக்கப் பொசுக்கிக்கிட்டுல்லா போறேன்."

ரோச் ஜன்னலைப் பார்த்தார்.

கேட்காமலே அவருக்கு இரண்டாவது டீ வந்தது. கடைக்காரி காலிக் கோப்பையைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் கோட்டுக்கு வெளியே தொங்கிய என் தாலியைப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். பிறகு என் முகத்தை. கோப்பையை மெதுவாக மேஜைமேல் என் பக்கமாக வைத்துவிட்டு ஓரடி விலகி நின்றாள்.

ஆற்றிக் கொடுக்க நானும் அதைத் தொடவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேஜைமேல் காலிக் கோப்பை; அதன் பக்கத்தில் நிறைந்த கோப்பையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டே இருந்தது.