மேற்கே கேட்ட சத்தம்

அப்பாவின் குதிகால் வெடிப்பில் அப்பியிருந்த கரிசல் மண் தண்ணீருக்குக் கரையவில்லை. வள்ளிமயில் நகத்தால் சுரண்டினாள். பட்டாசு ஆபீஸில் மருந்து அள்ளுகிற கை; குளித்தும் போகாத வெள்ளிப்பொடி விரலிடுக்கில் மினுங்கியது. சுவரோரம் கிடந்த அம்மா சுந்தரம்மாள் மகளை ஏறிட்டுப் பார்க்கவேயில்லை.

துஷ்டிக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் மாமா மாயகிருஷ்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நேத்து மத்தியானம் டமார்னு ஒரு சத்தம். அத்தான் பருத்திக்காட்டுல நின்னாவ. 'எம்புள்ள போச்சே'ன்னு ஓடியிருக்காவ. ரோட்டுல போயிருக்கலாம்லா? மழை பேஞ்ச காட்டுக்குள்ள குறுக்க விழுந்து ஓடி, ஓடைக்கரையில நெஞ்சப் பிடிச்சிட்டு விழுந்துட்டாவ."

மேற்கே இருந்த பட்டாசு ஆபீஸில் ஓர் ஓடுகூட உடையவில்லை. மாமா அவள் பக்கம் திரும்பினார்.

"போவாத, போவாதன்னு அத்தான் தலைப்பாடா அடிச்சிக்கிட்டாவ. இனி அங்கன போனே, காலை ஒடிச்சிருவேன் பாத்துக்க."



வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கிய புவியியல் துறைப் பெண் அதிகாரி சாவு வீடென்று கண்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"மன்னிச்சுக்கோங்க. நேத்து வெடிச்சது விண்கல். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல கோடிக்கணக்கான வருஷமா சுத்திட்டிருந்தது. வியாழன் இழுத்து இழுத்துத் தடம் மாறி இங்க வந்திருக்கு. எந்தப் பக்கம் சத்தம் கேட்டுச்சு? சொன்னீங்கன்னா கல்லைத் தேட உதவியா இருக்கும்."

எல்லாக் கைகளும் மேற்கே நீண்டன.

அதிகாரி செல்போனைப் பார்த்துக் குழம்பினாள். "வீடியோவுல கிழக்கேதானே வெடிக்குது?"

"சத்தம் கேட்டா நாங்க மேக்கதாம்மா பாப்போம்" என்றார் மாமா. "வருசா வருசம் அங்கனதான வெடிக்குது."

"அப்ப கல்லு?" என்று மாமாவே கேட்டார்.

"கிழக்கே, இந்தப் பருத்திக்காட்டுப் பக்கம்தான் விழுந்திருக்கணும்" என்று அதிகாரி செல்போனில் படத்தைக் காட்டினாள்.

சுந்தரம்மாள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "அவிய கிழக்க திரும்பியே பாக்கலியா?"



காரியம் முடிந்த மறுநாள் காலை ஆபீஸ் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. தூக்குவாளியோடு வாசலில் இறங்கிய வள்ளிமயிலின் பின்னால் அம்மா வீட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

மாமா ஓடிவந்தார். "அக்கா, நீ எங்க போற?"

"அங்கனதான். வேலைக்கு ஆள் கேட்டாங்கல்லா."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? ரெண்டு பேருமா?"

"சத்தம் கேட்டா இங்கருந்து ஓட என்னால முடியாதுடா."

சுந்தரம்மாள் வேனில் ஏறினாள்.

"தள்ளி உக்காருட்டி."

வள்ளிமயில் ஜன்னலோரம் நகர்ந்தாள். வேன் மேற்கே கிளம்பியது.