மாத்திரையை வழியனுப்பிய வீடு

கம்மாக்கரைத் தெருவில் டாக்டர் எழுதிக்கொடுக்கும் மாத்திரைகள் நடந்தே வீட்டுக்கு வந்து தங்கும். காய்ச்சல் மாத்திரை வந்த சுருக்கில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். சர்க்கரை மாத்திரை வந்தால் வந்ததுதான், ரேஷன் கார்டில் பேர் சேர்க்காத குறை. பொன்கனியின் வலிப்பு மாத்திரை அவள் கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசைப் பாத்திரங்களோடு வேனில் வந்து இறங்கியவர். அரைக்கைச் சட்டை போட்டிருப்பார், வாய் திறந்து பேசமாட்டார். காலையிலும் ராத்திரியிலும் சாப்பாட்டுக்குப் பிறகு பொன்கனிக்குள் போய்த் தம் வேலையைப் பார்த்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

எதிர்ச்சாரியில் டீக்கடை. அதன் பெஞ்சில் பொன்கனியின் வலிப்பு கையில் கிளாஸோடு உட்கார்ந்து இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அதற்கு அவளைத் தெரியும். கெட்ட சுபாவம் என்று சொல்லிவிட முடியாது. வாசலில் ஆள் இருக்கும் வீட்டுக்குள் நுழையாது, அவ்வளவுதான்.

பொன்கனி உண்டானாள். புருஷன் நம்பிராஜன் லாரியோடு வடக்கே போயிருந்தான். மாமியார் ஆவுடையம்மாள் தெரு முழுக்க வீடு வீடாகச் சீனி கொடுத்துவிட்டு வந்தாள். கொடுத்த சீனி கரைவதற்குள் பக்கத்து வீட்டு ராஜகனி வந்து நின்றாள்.

"மதினி, பிள்ளத்தாச்சி இருக்க வீட்ல மாத்திரையத் தங்க வைக்கலாமா? எங்க சித்தி மகளுக்கு ஒத்துக்கிடாமப் போச்சே."

ஆவுடையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. முதல் பேரப்பிள்ளை. தூங்கும் மருமகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம் அத்த" என்றாள் பொன்கனி.

"ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கேட்டுக்கிடலாம்ளா. அதுவரைக்கும் உள்ள இருக்க பச்சமண்ணு என்ன பாடுபடும்?"

மரியாதை என்று வந்துவிட்டால் ஆவுடையம்மாளை அந்தத் தெருவில் யாரும் மிஞ்ச முடியாது. மாத்திரையைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. இலை போட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டு, வெற்றிலைபாக்கும் புதுத் துண்டும் தட்டில் வைத்துக் கொடுத்தாள். "அய்யா தப்பா நெனைக்கப்பிடாது. பிள்ள பொறந்த பெறவு அவசியம் வாங்க" என்று கும்பிட்டாள்.

"டாக்டரம்மா சொல்லாம நான் கெளம்பப்பிடாது" என்றார் மாத்திரை. அந்த வீட்டில் அவர் பேசிய முதல் பேச்சு அது. பொன்கனியின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கும் பயம்தான். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தட்டில் வைத்துக் கொடுத்ததை மறுக்கத் தெரியாத மனுஷர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் வலிப்பு டீக்கடையில் கிளாஸை வைத்தது. வேட்டியை அவிழ்த்துக் கட்டியது. இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்து ரோட்டைக் கடந்து வந்து வாசலில் நின்றது.

ஆவுடையம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டினால் யார் எவர் என்று பார்க்காமல் வாங்க சொல்லிப் பழகிய வாய். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க."

வலிப்பு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்தது.

பொன்கனி அடுக்களையில் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தவள் முதல் காரியமாக அடுப்பை அணைத்தாள். பிறகு விழுந்தாள்.

ஆவுடையம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அம்மியை அப்பால் தள்ளி, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். ராஜகனி இரும்புச் சாவியோடு வந்தாள். "சாவி வேண்டாம், ஆட்டோவக் கூப்பிடு" என்று ஆவுடையம்மாள் அவளை அனுப்பிவைத்தாள். வலிப்பு தன் வேலையை முடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. கைப்பழக்கம், ஆவுடையம்மாள் அதற்கும் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஓவென்று அழுதாள்.

பொன்கனிக்கு நினைவு திரும்பியதும் கை வயிற்றுக்குத்தான் போனது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் வைத்து, பிள்ளையின் நெஞ்சு அடிக்கும் சத்தத்தை டாக்டரம்மா கேட்கவைத்த பிறகே அவளுக்கு உயிர் வந்தது.

"அவர யாரு அனுப்புனது?" என்றாள் டாக்டரம்மா.

"நாந்தான் தாயி. பிள்ளைக்கு ஆகாதுன்னு சொன்னாக."

"அவரு ஆகாதுதான். ஆனா அதுக்கு மாத்தி ஆள் போடணும். வாசலக் காலியா விடப்பிடாது. பிள்ளைக்கு ஆசப்படும்போதே நீ எங்கிட்ட வந்திருக்கணும் பொன்கனி."

பொன்கனி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மேல் கோபப்பட யாருக்கும் மனசு வராது.

மாத்திரை வராந்தா பெஞ்சில் துண்டும் பையுமாக உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா அவரோடு ஊதாச் சேலை கட்டிய ஒரு புது மாத்திரையையும் சேர்த்து அனுப்பினாள். "இவுக வாசலப் பழகட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் இருங்க. நான் சொல்லும்போது நீங்க கொஞ்சங் கொஞ்சமாக் கெளம்பலாம்" என்றாள். நாலு பேரும் ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்து வந்து சேர்ந்தார்கள். வலிப்பு அதற்குள் எதிர்ச்சாரிக்குப் போயிருந்தது.

சாயங்காலம் பொன்கனி கட்டிலில் சாய்ந்திருக்கும்போது பிள்ளை வெளியே வந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாள் காலை மடக்கி வழிவிட்டாள். பிள்ளை வாசல் வரை போய் டீக்கடையை ஒரு பார்வை பார்த்தது. ஊதாச் சேலை மாத்திரை தூக்கிப் பிடிக்க, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது.

"இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ அய்யா" என்றாள் ஆவுடையம்மாள்.

"இன்னும் மாசம் கெடக்கு ஆச்சி" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் சேலையை விலக்கி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.