நுனி மடித்த டேப்

கறிக்கடையின் பின்னறைக்கு மூன்று படி இறங்க வேண்டும். முதல் படியிலேயே நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்தினேன். பத்து நாளாக ஓடாத ஃப்ரீஸர் பெட்டி. உள்ளே இருந்த கறியை எல்லாம் எடுத்துவிட்டதாகக் கடைக்காரர் சத்தியம் செய்தார். எடுத்தது கறியை மட்டும்தான். அது விட்ட தண்ணீர் அடியில் கொழகொழவென்று நின்றது. கரப்பான்பூச்சிகள் விருந்துக்கு வந்ததுபோல் உலாவின.

பெட்டியைக் கழற்றிப் பழைய இரும்புக்கு அனுப்ப வேண்டும். நான் வந்தது அதற்காக மட்டும் அல்ல. போன மாதம் என் தங்கை வீட்டுக்காரர், உள்ளே கேஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ஃப்ரிட்ஜ் குழாயைக் கழற்ற நெருப்பு கக்கும் டார்ச்சால் சுட்டார். அது தீப்பிடிக்கிற கேஸ். புருவமும் வலது கைத் தோலும் போயின. தங்கை என்னைக் காவலுக்குப் போட்டாள்.

"அண்ணா, இன்னிக்குக் கூடவே நில்லு. பார்க்காம நெருப்பு வச்சாருன்னா எங்கிட்ட சொல்லு. அதோட இந்தத் தொழிலே வேண்டாம்."

சொல்லத்தான் காத்திருந்தேன். வாய்க்கு வாய் மாப்பிள்ளை என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும், அவர் வேலையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதே தொழிலில் இருபது வருடத்தில் என் கையில் ஒரு கொப்புளம் வந்ததில்லை.

அன்று மனிதர் ஆமையாக நகர்ந்தார். பின்கதவைத் திறந்தார். லைட் சுவிட்சைத் தொடக்கூடாது என்றார். கடைக்காரரின் சிகரெட்டை அணைக்கச் சொன்னார். பிறகு கேஸ் கண்டுபிடிக்கும் கருவியை எடுத்துப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கோ மூச்சை அடக்கி அடக்கித் தலை சுற்றியது.

"பெட்டித் தகட்டுல என்ன கேஸுன்னு எழுதியிருக்கு, படிச்சீங்களா மாப்ள? எரியாத கேஸ். அதுவும் என்னிக்கோ காலி. மோந்து பாருங்க, பொண நாத்தம்தான் வருது."

"சமையல் கேஸுக்குத்தான் வாடை சேக்கறாங்க, மச்சான். இதுல வர்ற கேஸுக்கு வாடையே கிடையாது. கொஞ்சம் இருங்க."

எனக்கே பாடம். இந்த நரகத்தை விட்டு வெளியே போனால் போதும் என்று டார்ச்சைத் தூக்கினேன். லைட்டரில் கட்டை விரலையும் வைத்துவிட்டேன். அவர் கருவியைத் தரையருகே கொண்டுபோனார். அது விடாமல் கத்தியது. தோல் உரிந்து சிவந்திருந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்படியே பின்னுக்கு நடத்தி மேலே கூட்டிவந்தார். கசிந்த கேஸ் காற்றைவிடக் கனம், அந்தப் பள்ளத்து அறையில்தான் தேங்கியிருந்தது.

முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறந்துபோட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். கருவி வாய் மூடிய பிறகுதான் அவர் மறுபடி இறங்கினார். மிச்சக் கேஸை நீளக் குழாய் வழியாக முற்றத்திலிருந்த சிலிண்டருக்கு எடுத்தார். நைட்ரஜன் விட்டு உள்ளே கழுவினார். நெருப்பே இல்லாமல் கையால் சுழற்றும் வெட்டியால் குழாயை அறுத்தார்.

நான் முற்றத்தில் நின்று காறித் துப்பினேன். தீப்பிடிக்கிற கேஸை நிரப்பிவிட்டு, பழைய தகட்டையும் மாற்றாமல், எச்சரிக்கைச் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டாமல் போன கட்டையில் போகிறவன் எவன் என்று கேட்டேன். அவன் கையில் புழு வைக்க என்று சாபமும் விட்டேன்.

மாப்பிள்ளை அறுத்த துண்டை என் முன் நீட்டினார். கேஸ் நிரப்பும் வாயில் நீல டேப் மூன்று சுற்று. நுனி நகமளவு உள்ளே மடிந்திருந்தது, அடுத்த முறை பிரிக்கச் சுலபமாக. தொழிலில் அப்படிச் செய்கிறவன் ஒருவன்தான். அதனால்தான் எல்லோரும் என்னை மடிப்பு என்று கூப்பிடுகிறார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் இந்தப் பெட்டி ஓர் ஐஸ்கிரீம் கடையில் இருந்தது. நான் கேஸ் நிரப்பிய அன்று நல்ல மழை. ஸ்டிக்கர் வண்டியில் இருந்தது. நாளைக்கு ஒட்டலாம் என்று போனவன்தான். பெட்டி எப்போது கைமாறியதோ தெரியாது. உள்ளே இருந்த அழுகல்கூடப் பரவாயில்லை. என்னை நினைத்துத்தான் குமட்டியது.

மாப்பிள்ளை கருவியைத் துடைத்துப் பையில் வைத்தார். தங்கை போன் செய்தாள்.

"பார்க்காம நெருப்பு வச்சாரா, அண்ணா?"

"அவரு பார்த்துட்டுதான் செஞ்சாரு. பார்க்காம லைட்டரை எடுத்தது நான். அந்தக் கேஸைப் போட்டதும் நான்தான்."



"லைட்டரை அவர்கிட்டக் குடுத்துடு" என்றாள்.

கொடுத்தேன்.